அங்கன என்றால் எங்கே அத்தா?

என் அருமை அத்தாவுக்கு,

ஸலாம். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நிலம் நம்மிடமே இருக்கிறது. இரண்டாவது செய்தி, நீங்கள் சொன்ன ‘அங்கன’ எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த அன்று உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு உட்கார்ந்து அழுதேன். இப்போது கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. நம் கொட்டகை வாசலில் முருங்கை நிழலில் உட்கார்ந்து, மயில் வந்தால் விரட்டக் கையில் ஒரு கம்போடு இதை எழுதுகிறேன்.

தேனி ஆஸ்பத்திரியில் இருந்து அண்ணன் போனில் பேசினீர்களே, அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள்: “வெதையெல்லாம் அங்கன வச்சிருக்கேன் ஆத்தா. பத்திரமா இருக்கு. மழை விழுந்ததும் எடுத்துப் போடு.” நான் கேட்டேன், “அங்கனன்னா எங்கனத்தா?” அதற்கு நீங்கள், “அங்கனதான்” என்றீர்கள். டாக்டர் வந்துவிட்டார், போன் கட்டாகிவிட்டது. ரெண்டு நாளில் நீங்களும் போய்விட்டீர்கள்.

மூக்குக்கண்ணாடி எங்கே என்றால் அங்கன. மண்வெட்டி எங்கே என்றால் அங்கன. உயிரோடு இருந்தவரை அது வீட்டில் சிரிப்புக்கான விஷயம். போன பிறகு அது எப்படிப்பட்ட வார்த்தை ஆகிவிட்டது தெரியுமா?

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த அன்று அண்ணன் பேச்சை எடுத்தது. திராட்சைப் பந்தல் போட ஒருவர் நம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறாராம். கம்பத்தில் டயர் கடையை விட்டுவிட்டு அண்ணன் வந்து உழப்போவதில்லை, அதைக் குறை சொல்லவும் முடியாது. “ஒத்தப் பொம்பள நீ என்னத்தப் பாப்ப? ஒரு வெள்ளாமை பாரு. வீட்டுக்குச் சாப்பாடு வந்துச்சுன்னா உன் இஷ்டம். வரலைன்னா குத்தகைக்கு விட்ருவோம்” என்றது. நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் பத்து வருஷம் நின்றவள் நான், எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். என் கையில் விதை இல்லை என்கிற குறை மட்டும் தலையாட்டும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கடையில் வாங்கலாம்தான். ஆனால் கடைக் கம்பு உரம் கேட்கும், மருந்து கேட்கும், அடுத்த வருஷம் மறுபடி கடைக்கே போய் நிற்கச் சொல்லும். கால்வாய்க்கு மேலே இருக்கிற நம் மேட்டு நிலத்தில், மழையும் அந்தச் சின்னக் கிணறும் மட்டும் போதும் என்று வளர்வது நீங்கள் வருஷா வருஷம் எடுத்துவைத்த கம்பும் மொச்சையும்தானே?

தேடினேன் அத்தா. பரண், கட்டிலுக்கடி, மோட்டார் ரூம், தவிட்டு டின் எல்லாம். பக்கத்துத் தோட்டத்து முருகேசன் அண்ணன்கூடத் தன் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தார். “மாமா என்ட்ட எதுவும் குடுக்கல தாயி, குடுத்திருந்தா எனக்கு மறக்குமா?” என்றார். அம்மாவிடம் கேட்டால், “அவுக எதச் சொன்னாலும் அங்கனம்பாக, நான் என்னத்தக் கண்டேன்” என்று முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஆடி பிறந்து முதல் மழையும் விழுந்துவிட்டது. முருகேசன் அண்ணன் விதைத்துவிட்டார். ஈர மண்ணில் நின்றுகொண்டு உங்களைச் சத்தம் போட்டுத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அன்று முற்பகலில்தான் பழைய இரும்புக்காரர் டெம்போ வந்தது. ‘பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்’ என்று ஸ்பீக்கர் கத்திக்கொண்டே வந்ததும் எனக்கு ஆட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் நிற்பது ஞாபகம் வந்தது. என் கல்யாணச் சீரில் நீங்கள் வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ். என்னை அந்த வீட்டில் இருந்து திருப்பி அனுப்பியபோது அதையும் கூடவே ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். தெருவே பார்க்க வந்து இறங்கியது. அன்றைக்கு நான் போட்ட கூச்சல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறுநாளே அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், கதவைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே சாக்கைப் போட்டு மூடினீர்கள். எட்டு வருஷமாக அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. இருக்கிற தொல்லையில் ஒன்றாவது தொலையட்டும் என்று டெம்போவைக் கை காட்டி நிறுத்தினேன்.

அவர் வயசான மனுஷர். சாக்கை எடுத்துவிட்டு ஆட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, காலி பெட்டி இம்புட்டுக் கனக்குது?” என்றார். சுவருக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் நின்று கதவைத் திறக்கிற அளவு இடைவெளி இருந்தது. கதவைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். அவர் நுழைந்து டியூபை அவிழ்த்தார். வசம்பு வாசனை குப்பென்று அடித்தது. “ஏ தங்கச்சி, இதுக்குள்ள ஒரு கடையே இருக்கு! இதையா எடைக்குப் போடுற?”

ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கம்பு. விளக்கெண்ணெய் தடவிய மொச்சையும் தட்டப்பயறும் தனித்தனி டப்பாவில். காய்கறி வைக்கிற அடிப்பெட்டியில் தோலோடு நிலக்கடலை. முட்டை வைக்கிற குழிகளில் குழிக்கு ஒன்றாகக் கத்தரி, மிளகாய், வெண்டை, பூசணிப் பொட்டலங்கள். கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்து, பின்பக்கம் உங்கள் கோணல் எழுத்து: ‘மொச்சை. ரெண்டாவது மழைக்குப் போடணும். அவசரப்படக் கூடாது.’ எலி நுழையாது, ஈரம் ஏறாது, பூச்சி அண்டாது. கரண்டு இல்லாத ஃபிரிட்ஜை இவ்வளவு நன்றாக யார் பயன்படுத்தியிருக்கிறார்கள்? இரும்புக்காரர் டெம்போவில் எதையும் ஏற்றவில்லை. ஒரு பொட்டலம் பூசணி விதை கேட்டார், கொடுத்தனுப்பினேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். “அந்தப் பெட்டி பேரே என் காதுல விழக் கூடாதுன்னு கத்துனியே, அன்னையிலருந்து அவுக அந்தப் பேரச் சொன்னதில்ல. என்ட்டகூட, அங்கன வச்சுட்டு வாரேன்னுதான் போவாக. நான் பரணைச் சொல்றாகன்னு இருந்துட்டேன்” என்றது.

அப்போதுதான் அத்தா எனக்கு அழுகை வந்தது. மூச்சு முட்டுகிற நேரத்திலும் என் மனசு நோகக் கூடாது என்று அந்த ஒரு வார்த்தையை விழுங்கினீர்களா? ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் என்ன செத்தா போயிருப்பேன்? உங்களிடம் சொல்ல முடியாமல் போன பதிலையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலித்திருக்காது. அந்த வலி எப்போதோ ஆறிவிட்டது. உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டது நான்தான்.

அவசரப்படாமல் ரெண்டாவது மழைக்கே மொச்சையைப் போட்டேன். கம்பு நன்றாக வந்தது. எல்லாமே நல்லபடி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். தக்காளி முழுசும் வாடிவிட்டது. மூன்று கோழியைக் கீரி தின்றுவிட்டது. மேகம் மூடினால் சோலார் மோட்டார் வேலைநிறுத்தம் செய்கிறது, குடத்தில்தான் தண்ணீர் சுமக்கிறேன். அரிசி இன்னும் ரேஷன் கடையில் இருந்துதான் வருகிறது. அம்மாவின் மாத்திரையும் என் போன் ரீசார்ஜும் மண்ணில் முளைப்பதில்லை, முட்டையும் முருங்கைக்காயும் விற்றுத்தான் வாங்குகிறேன். மற்றபடி உலையில் கொதிப்பது எல்லாம் நம்முடையது. கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டியதில் வருஷத்துக்கு எண்ணெய் இருக்கிறது.

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அண்ணன் வந்தது. கம்பஞ்சோறும், மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். கருவாடு மட்டும்தான் விலைக்கு வாங்கியது. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது. “எங்க வச்சிருந்தாக, காமி” என்றது. கூட்டிப்போனேன். கதவைத் திறந்து, உங்கள் கோணல் எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தது. பிறகு அங்கேயே நின்று திராட்சைக்காரருக்குப் போன் போட்டது. “குத்தகைக்கு இல்லண்ணே. என் தங்கச்சி பாக்குது” என்றது.

அவ்வளவுதான் அத்தா. எத்தனையோ மாசமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு போனில் இறங்கிவிட்டது. அன்று மத்தியானம் ஆட்டுக்கொட்டத்து நிழலில் படுத்து அசந்து தூங்கினேன். அந்தத் தூக்கத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

போன வாரம் அண்ணன் கூப்பிட்டது. மாடியில் டிரம் வைத்துப் பூசணி போடப் போகிறதாம், விதை எங்கே இருக்கிறது என்று கேட்டது. “அங்கன...” என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, “ஃபிரிட்ஜுல இருக்குண்ணே. என் ஃபிரிட்ஜுல” என்றேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தது. மறுபடி உரிக்க ஆரம்பித்துவிட்டது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருஷா வருஷம் முதல் முற்றலை எடுத்துக் காயவைத்து, உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் என் சீட்டையும் வைப்பேன். எனக்குப் பிறகு இந்த மண்ணில் யார் நின்றாலும் என்னைப் போல அவர்கள் தேட வேண்டியதில்லை. முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டேன், கதவு இப்போது பாதையைப் பார்த்து நிற்கிறது. மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட்டை எடுத்து அதில் பெரிசாக எழுதியும் விட்டேன்: ‘விதை இங்கன இருக்கு.’

உங்கள் மகள்,
அந்த ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரி,
ஜமிலா