வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டியது

11 ஜூலை 1988, திங்கள்

அக்டோபரில் செங்கல்பட்டில் மாவட்டப் பேச்சுப் போட்டி. தமிழ் மிஸ் என் பெயரைத்தான் முதலில் சொன்னார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. இரண்டு கன்னத்திலும் சீழ் கட்டிய பருக்கள். இந்த முகத்தோடு மேடையில் எப்படி நிற்பது? இனி செல்வமேரியைத் தயார் செய்வார்கள். போன வருடம் பரிசு வாங்கியவள் நான்.

16 ஜூலை, சனி

மேற்குத் தாம்பரத்தில் தோல் டாக்டர் நாகலக்ஷ்மி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்கு அரை நாள் லீவு போட்டு அம்மா கூட்டிப் போனாள். ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்னிடமே பேசினார்! மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு முடியின் வேரை வரைந்தார். பக்கத்தில் எண்ணெய் சுரக்கும் பை, அடைபட்ட வாய், உள்ளே பெருகும் கிருமி. எவ்வளவு தெளிவு! அழுக்கால் வருவதில்லையாம். தினம் ஆறு தடவை சோப்புப் போட்டது வீண்.

டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் காலையும் மாலையும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில். பால், மோர் கூடாது. ராத்திரி முகத்தில் ஜெல், மெலிதாக. கிள்ளக் கூடாது. எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

நானும் டாக்டராகலாமா?

17 ஜூலை, ஞாயிறு

மாத்திரை போட்டதும் அம்மா ஒரு டம்ளர் பால் நீட்டினாள். டாக்டர் வேண்டாம் என்றதைச் சொன்னேன்.

"அவங்க சொல்லுவாங்க. சூட்டு மாத்திரை. வயிறு வெந்துபோனா யாரு பாக்கறது? குடி."

குடித்தேன்.

5 ஆகஸ்ட், வெள்ளி

கன்னம் உரிகிறது, எரிகிறது. நீலத் தலையணை உறையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஜெல் சாயத்தைத் தின்றுவிட்டது. அம்மா திட்டவில்லை. அதன்மேல் பழைய வெள்ளைத் துண்டை வைத்துத் தைத்துவிட்டாள்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

சின்னப் பருக்கள் கொஞ்சம் அடங்கின. சீழ்ப் பருக்கள் அப்படியே. வெள்ளிக்கிழமை செல்வமேரி பேசிப் பார்த்தாள். ஒரு வரியை மறந்து நின்றாள். நான் வாய்க்குள் அதைச் சொன்னேன்.

10 செப்டம்பர், சனி

டாக்டர் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வாடியது. தண்ணீரில்தானே போட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏன் சொன்னேன்? அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவ்வளவுதான். டாக்டர் என்னை நம்பினார். இந்த மருந்து கேட்கவில்லை, மாற்றிவிடலாம் என்று பேனாவைத் திறந்தார்.

அம்மா எழுந்து நின்றாள்.

"எழுதாதீங்க டாக்டரம்மா. இது பொய் சொல்லுது. நான்தான் ரெண்டு வேளையும் பால் குடுத்துகினு இருந்தேன்."

குரல் நடுங்கியது. ஆனாலும் முழுசாகச் சொன்னாள். கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தினாலும் வாயைத் திறக்காத அம்மா!

டாக்டர் பேனாவை மூடினார். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்று இந்தத் தடவை அம்மாவிடம் விளக்கினார். கோபமே இல்லை. அதே மாத்திரை, இன்னும் எட்டு வாரம்.

பஸ்ஸில் யோசித்தபோதுதான் புரிந்தது: அந்தப் பால் அம்மாவின் காபிக்கு உள்ளது. எட்டு வாரமாகக் கடுங்காப்பி. எல்லாவற்றையும் கவனிப்பவள் என்று எனக்குப் பெருமை வேறு.

12 செப்டம்பர், திங்கள்

தொண்டை விஷயம் பொய் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். நிஜக் காரணத்தையும் சொன்னேன். பட்டியலில் என் பெயரையும் எழுதிக்கொண்டார். பள்ளிக்கு இரண்டு பேர் போகலாமாம்.

முகம் அப்படியேதான் இருக்கிறது.

8 அக்டோபர், சனி

செல்வமேரிக்கு முதல் பரிசு. எனக்கு மூன்றாவது. மேடை ஏறும்போது இடது கன்னத்தில் ஒரு பெரிய பரு. இறங்கும்போதும் இருந்தது.

6 நவம்பர், ஞாயிறு

அம்மாவோடு தைக்கும் சரசு அக்கா வந்திருந்தாள். அவள் தங்கைக்கும் பரு, அதே டாக்டர், அதே மாத்திரை. என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் வரவில்லை, தழும்பு மட்டும் கொஞ்சம். மாத்திரை சூடாமே, பால் குடுக்கலாமா என்று கேட்டாள்.

"சூடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பாலுல கீற சுண்ணாம்பு மருந்தைப் புடிச்சிக்கும். வெறும் தண்ணி. டாக்டர் கேட்டா நடந்தத அப்படியே சொல்லச் சொல்லு."

அதைச் சொல்லும்போது அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை.