பிலோமினாவை எழுதிய மிசின்

நவம்பர் 4, செவ்வாய்

விடியவே மழை. கொடியில் துணி, எடுக்க மனமில்லை. முழங்கால் எண்ணெய் முடிந்தது, வாங்க வேண்டும்.

கனடாவிலிருந்து மருமகன் றஞ்சன் பேசினான். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தாய், என் மச்சாள் பிலோமினாவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை. அன்று கொடுக்கும் நினைவு மலருக்கு வாழ்க்கை வரலாறு வேண்டும்.

"மாமி, ஏஐ எழுதித் தந்தது. எனக்குத் தமிழ் காணாது. நீங்கள் ஒருக்கால் திருத்தி அச்சுக்குக் குடுங்கோ. ஆள் எழுதின மாதிரி இருக்கோணும்."

இரண்டு பக்கம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். ஒரு சந்திப்பிழைகூட இல்லை! கன்னியர் மடப் பள்ளியில் எங்கள் கட்டுரைகளைத் திருத்திய சிஸ்டர் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். எனக்கு ஒருநாளும் போட்டதில்லை.

5, புதன்

மழை. திருத்தம் முடிந்தது. சிவப்புப் பேனா. "பாசமுள்ள தாய்" இப்போது "பாசத்தின் உறைவிடமான தாய்". "கடலோரக் கிராமம்" இப்போது "அலைகள் தாலாட்டும் நாயாறு". முடிவுரை ஒன்றும் சேர்த்தேன். திருப்தி.

பூனை மறுபடியும் அலுமாரிக்குள்.

6, வியாழன்

நெளுக்குளத்தில் பஸ் ஏறி வவுனியா அச்சகம். எண்ணெய் மறந்தேன். நினைவு மலர் செய்பவள் சுபாஷினி. நாற்பது வயதிருக்கும். கொண்டையில் பென்சில். வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, தம்பி அனுப்பினதை விட இது மிசினாக் கிடக்கு. ஆர் திருத்தினது?"

"நான்."

அவள் கொஞ்சமும் அசையவில்லை. "அப்ப நீங்களும் அதுவும் ஒரே பள்ளிக்கூடம் போல."

கதிரையை விட்டு எழும்பினேன். குடையும் எடுத்தாயிற்று. ஆனால் நாளைக்குள் அச்சுக்குப் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு மலர் இல்லை. மறுபடியும் கதிரையில் இருந்தேன்.

இந்த மாதம் வந்த மற்ற மலர்களைக் காட்டினாள். ஒருவர் கடற்றொழிலாளி, ஒருவர் கமக்காரர், ஒருவர் வங்கி மனேஜர். மூவரும் "குடும்பத்தின் ஒளிவிளக்கு". பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது.

"மிசின் பொய் எழுதாது, அம்மா. ஆனா செத்த ஆக்கள் எல்லாரையும் ஒரே ஆளாக்கிப்போடும்."

சுபாஷினி (இனி சு.) செய்யும் விதம், மறக்காமல் குறிக்கிறேன்:
– அலங்காரச் சொற்களை முதலில் வெட்டு.
– வீட்டாரிடம் கேள்: எதற்கு ஏசுவார்? எதைச் சாப்பிடமாட்டார்? யாரோடு கோபம்?
– சொன்னதைச் சொன்னபடி எழுது.
– முடிவுரை வேண்டாம். (என்னுடையது போயிற்று.)

கமக்காரரின் பக்கம். மிசின்: "இயற்கையை நேசித்த உழைப்பாளி." சு.: "வயலுக்குள் செருப்போடு இறங்கினால் ஏசுவார். புது மருமகனையும் விடவில்லை." அந்த மனிதரை நான் அறியேன். ஆனால் கண்டேன்.

இவள் எந்த மடத்திலும் படித்தவள் அல்ல. பாதி நாள் இடம்பெயர்வில் போன படிப்பு. எழுத்தை இப்படிப் பார்க்கும் ஒருவரை இந்த வயதுவரை சந்தித்ததில்லை. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு பென்சில் ஒரு வரியில் நின்றது. "உறவினர் எல்லோருடனும் அன்பாகப் பழகினார்."

"எல்லாரோடையுமோ? ஆரோடை கோவம், அம்மா?"

தெரியாது என்றேன். பொய்.

7, வெள்ளி

காலை ஐந்து மணி தொடக்கம் மேசையில். நீலப் பேனா.

பிலோமினா கடைசி ஆறு வருடம் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவள் கடைசியாக வந்த அன்று என் பள்ளித் தோழிகள் வந்திருந்தார்கள். நாயாற்றிலிருந்து பஸ் மாறி மாறி வந்து வாசலில் நின்றாள், கையில் கருவாட்டுப் பை. அந்த மணம் எனக்கு வெட்கமாயிருந்தது. பின்னால், குசினிப் பக்கத்தால் வரச் சொன்னேன். யாரென்று தோழிகள் கேட்டதற்கு, தெரிந்த பெண் என்றேன். அவளுக்குக் கேட்டது. தேத்தண்ணியைக் குடித்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள், போனாள்.

செத்தவீட்டிலும் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

மலருக்கு எழுதியது: "மானமுள்ளவர். உறவென்று சொல்ல வெட்கப்பட்ட மச்சாளின் வீட்டுக்கு ஆறு வருடம் போகவில்லை. பிழை மச்சாளுடையது." கீழே என் கையெழுத்து.

பத்து மணிக்கு அச்சகம். சு. வாசித்தாள். சிரிக்கவில்லை. "இப்பதான் ஆள் வந்திருக்கிறா," என்றாள். றஞ்சனைக் கேட்காமல் போடமாட்டேன் என்று படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள்.

ஒரு மணித்தியாலம் பதில் இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாமோ என்று பல தடவை. சு. பிளேன்ரீ ஊற்றித் தந்தாள், சீனி அதிகம்.

பிறகு றஞ்சன் அழைத்தான். சு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன் உங்களிட்டை வாறேல்லையெண்டு அம்மா ஒருநாளும் சொல்லேல்லை, மாமி. கருவாடு காய்ஞ்சா நல்ல துண்டுகளைப் பாத்துப் பாத்து எடுத்து வைப்பா. 'இது வவுனியாவுக்கு' எண்டுவா. ரெண்டு நாள் கிடக்கும். பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடுத்துவிடுவா. ஒவ்வொரு முறையும்."

"நான் எழுதினதை எடுக்கட்டோ, மகன்?"

"வேண்டாம், மாமி. இதையும் போடுங்கோ."

சு. கேட்டுக்கேட்டுக் கணினியில் அடித்தாள். "எழுத்துத் தமிழாக்கித் தாறீங்களோ, அம்மா?" பென்சிலை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கவில்லை. அவன் சொன்னபடியே போடு, பிள்ளை, என்றேன்.