கரைக்குக் கூப்பிட்ட குரல்

காற்றிரைச்சல் நுழையாமல் இருக்க மைக்கைச் சுற்றி நீ கட்டிய துப்பட்டாத் துண்டில் இன்னும் கருவாட்டு வாசனை போகவில்லை. இன்று காலை அந்த மைக்கை உன் அம்மாவின் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்பதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் குத்தாலத்து விவசாயக் குடும்பம், நீ தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரை. இருவரையும் ஒரே ஆய்வு சேர்த்து வைத்தது. மனிதர்கள் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்கிறோம் என நான் உன் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "மனுசனுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் பேசுற தரகு வேலைம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். உங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தில் நாம் வைத்த சின்ன இயந்திரம், கடல் கொந்தளிக்கப் போகிறது என்றால் படகுக்காரர்களின் போனுக்குத் தானாகக் கூப்பிடும். அதற்கு ஒரு குரல் வேண்டியிருந்தது.

நான் எழுதித் தந்தது "மீனவ நண்பர்களின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தது. "இதைக் கேட்டு எவன்டி திரும்புவான்? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றாய். தாளை மடித்துப் போட்டுவிட்டு, உன் தம்பி செல்வத்தைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே தொண்டையில் கத்தினாய். "காத்து மாறுது. வலைய அப்புறம் பாத்துக்கலாம். திரும்பி வாங்கடா." பிறகு என்னைப் பார்த்து, "போதுமாடி?" என்றாய். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு மீதியை இயந்திரத்தில் ஏற்றினேன். படகுகள் அந்தக் குரலுக்குத் திரும்பி வந்தன.

நீ மஞ்சள்காமாலையில் போன அன்று, ஊர் வழக்கப்படி ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. அடுத்த முறை காற்று மாறியபோது எல்லார் போனிலும் நீ கூப்பிட்டாய். செத்தவள் "வாங்கடா" என்றால் யாருக்குத்தான் பயம் வராது? போனவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உன் அம்மா போனைத் தரையில் வைத்துவிட்டு அழுதார். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிக் குரலை மாற்றச் சொன்னார்கள். கம்ப்யூட்டரே பேசும் ஒரு பெண்குரலை வைத்தேன். உச்சரிப்பு சுத்தம். எனக்கோ உன்மேல்தான் கோபம் வந்தது, ஊரையே உன் குரலுக்குப் பழக்கிவிட்டுப் போனதற்கு.

நேற்று காலை தென்கிழக்கே வானம் கறுத்தது. செல்வமும் கடலில்தான் இருந்தான். இயந்திரம் கூப்பிட்டது. போனை எடுத்தவுடனே துண்டிக்கிறார்கள் என்று என் திரையில் ஒவ்வொரு படகாகச் சிவப்பானது. செல்வத்தின் எண்ணும் சிவப்பு. மறுபடி கூப்பிட வைத்தேன், மறுபடியும் துண்டிப்பு. அலைகள் தடுப்புக் கல்லைத் தாண்டி விழ ஆரம்பித்திருந்தன. மீன்கூடையோடு வந்து நின்ற உன் அம்மா திரையைப் பார்த்தார்.

"பழசப் போடும்மா."

"அம்மா, அது அவ கொரலு."

"தெரியும். அக்கா கூப்பிட்டா அவன் வருவான். போடு."

போட்டேன். இந்த முறை யாரும் துண்டிக்கவில்லை. ஆனாலும் வெகுநேரம் கடலில் ஒன்றுமே தெரியவில்லை. அம்மா முழங்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டார், சொல்லியும் ஏறவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் படகுகள் தெரிந்தன. செல்வத்தின் படகு கடைசியாக வந்தது.

கரையேறியவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "லோன் வேணுமான்னு கேக்குற பொம்பளன்னு நெனச்சுக் கட் பண்ணிட்டேங்க்கா" என்றான். படகுக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "அப்புறம் எங்கக்கா கூப்பிட்டுச்சு. பயமாத்தான் இருந்துச்சு. வராம இருக்க முடியல" என்றான்.

"புராஜெக்ட் முடிஞ்சா நீ போயிடுவ, ஊரு இங்கதான் இருக்கும்" என்று என்னைக் குத்திக்கொண்டே இருப்பாயே, நேற்றிரவு முழுக்க அதுதான் காதில் இருந்தது. இன்று விடிந்ததும் உன் அம்மாவே ஏலக்கூடத்துக்கு வந்தார்.

"செத்தும் எம்புள்ள கத்திக்கிட்டே இருக்கணுமா? அவ ஓயட்டும். நான் கத்துறேன்."

அவருக்குப் பின்னால் இன்னும் சில வீட்டுப் பெண்கள் தங்கள் ஆட்களுக்குக் குரல் பதிய முறைக்குக் காத்திருந்தார்கள். அம்மா மைக்கைப் பிடித்து, அந்தத் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் கத்தினார். உன் தொண்டை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "போதுமாம்மா?" என்றார்.

போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அன்று வெட்டியெடுத்த உன் "போதுமாடி?" என் போனில்தான் இருக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.