தொலைக்காட்சி விழுங்கிய ஓரம்

10.11.2008, திங்கள்

காலையிலிருந்து மழை. வெளியே நான்கு பாகை. முழங்கால் வலி.

இந்த வாரம் எழுத வேண்டியவை:

1. கணினிப் படத்தின் ஓரங்களைத் தொலைக்காட்சி வெட்டும் என்கிறார்கள்: ஏன், எவ்வளவு.
2. அதைச் சரிசெய்யும் வழிகள்.
3. மண்டபத்தில் நடந்த அடிதடி. அதில் நான் யார் மேலும் கை வைக்கவில்லை.
4. ஞாயிறு, தேவனையும் கூப்பிட்டு ஒன்றாக வீடியோ பார்த்தல்.

ஒழுங்காக எழுதினால் ஒன்றும் விடுபடாது என்று நினைப்பு. சரியோ தெரியாது.

கணினியின் திரை போய்விட்டது. நேற்று மாலை மகன் குகன் மண்டப வீடியோவை அதில் போட்டான். சண்டை தொடங்குமுன்பே, அவன் மைத்துனன் தேவனின் முகம் மண்டப வாசலில் தெரிந்ததும் ஒரே குத்து. திரையின் நடுவில் கறுப்பு மை பரவியதுபோல். அவன் விரல் மொளிகளில் இரத்தம். மருமகள் வசந்தி துவாயோடு ஓடிவந்தாள்.

"அடியுங்கோ. அண்ணையின்ரை கண் போதாது, வீட்டையும் அடிச்சு உடையுங்கோ."

அவளைத் தள்ளினான். குளிர்சாதனப் பெட்டியில் முதுகு மோதிய சத்தம். நான் கதவடியில் நின்றேன். வழக்கம்போல.

கண்ணாடித் தூள் பெருக்கினேன். இனித் தொலைக்காட்சிதான்.

11.11.2008, செவ்வாய்

மழை விட்டது. மாத்திரை இரண்டு. பால், பாண், மின்கலம் வாங்கினேன்.

அடிதடி விவரம். மூன்று கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, பேத்தி அபிரா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் தேவன் ஸ்ருட்கார்ட்டிலிருந்து காரில் வந்தான். நெடுஞ்சாலையில் நெரிசல், இரண்டு மணி நேரம் பிந்திவிட்டான். நல்லநேரம் முடியப்போகிறது என்று சொன்னது நான். குகன் தன் சிநேகிதன் ஒருவனைக் கொண்டு தேங்காயை உடைப்பித்தான். தேவன் உள்ளே வந்தபோது அது இரண்டு பாதியாய்க் கிடந்தது.

"நான் செத்துப்போனனோ? தாய்மாமன் உயிரோடை இருக்கேக்கை கண்டவன் தேங்காய் உடைக்கிறானோ?"

"பிந்தி வந்திட்டு இஞ்சை சத்தம் போடாதை, மச்சான்."

"றோட்டிலை நிண்டனானடா! இருபது தரம் போன் அடிச்சனான், எடுத்தனியோ?"

மேடைக்கு ஏறினான். குகனின் கழுத்தைப் பிடித்தான். அடுத்த கணம் தேவன் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தான். விரலிடுக்கால் இரத்தம், வெள்ளை வேட்டியில் பொட்டுப் பொட்டாக. பிறகு எல்லாரும். கதிரைகள் பறந்தன. விழுந்து கிடந்தவனை மிதித்தார்கள். வீடியோக்காரரின் முக்காலி சரிந்தது; படம் அத்தோடு நிற்கிறது.

தேவனுக்கு இடக்கண் பார்வை இல்லை. இரண்டு சத்திரசிகிச்சை. குகன் கையில் ஏதோ பாரமான பொருள் இருந்தது என்று பொலிசில் சொல்லியிருக்கிறான். வெறுங்கை என்றால் ஒரு குற்றம். பொருளால் அடித்தது என்றால் பெரிய குற்றம், மறியலில் அடைக்கவும் கூடும். குகனின் ஜெர்மன் குடியுரிமை விண்ணப்பமும் போய்விடும். பொலிசில் விசாரணை அடுத்த கிழமை, புதன்.

குகன் சத்தியம் செய்கிறான்: "அவனைத் தள்ளினது மட்டும்தான் அப்பா. கையிலை ஒண்டும் இல்லை."

என் நிலை: மேடையின் வலப்பக்கம், நிறைகுட மேசையருகே. நெரிசலில் செம்பு விழுந்துவிடும் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவே. முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தேன், பிரம்பு தொட்டதில்லை.

12.11.2008, புதன்

குளிர். கணினியிலிருந்து தொ.கா.வுக்குக் கேபிள் போட்டேன். லினக்ஸ் உடனே தொ.கா.வைக் கண்டுகொண்டது. சந்தோஷம் ஐந்து நிமிடம். மேலே உள்ள பட்டையைக் காணோம். கடிகாரத்தில் பாதி. குப்பைத்தொட்டிப் படம் அடியோடு இல்லை.

அளந்தேன். குறுக்கே நாற்பது கட்டங்கள் வரைந்து, இலக்கமிட்டு, திரை நிறையக் காட்டினேன். தெரிந்தவை 2 முதல் 39. ஆக இரு பக்கமும் ஒவ்வொரு கட்டம் போகிறது. மேலும் கீழும் அதே அளவு.

காரணம் (மன்றம் ஒன்றில் வாசித்தது): பழைய குழாய்த் தொ.கா.க்களில் படத்தின் ஓரம் நேராக நிற்காது. அந்த அசிங்கம் தெரியாமலிருக்கப் படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். தட்டைத் திரைக்கு அது தேவையில்லை. பழக்கம் மட்டும் மிச்சம்.

அப்படியானால் தேவன் வீட்டில் மண்டப வீடியோவின் இறுவட்டைப் போட்டுப் பார்த்தவர்களும் முழுப் படத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை.

பின்னேரம் தேவனுக்குப் போன் எடுத்தேன், கண் எப்படி என்று கேட்க. ஒவ்வொரு கிழமையும் கேட்பது.

"உங்களோடை எனக்குக் கோவம் இல்லை, மாமா. ஆனா உங்கடை மகனுக்குச் சொல்லுங்கோ. கோட்டிலை நீதவான் என்னத்தையும் சொல்லட்டும், அவன்ரை ஒரு கண்ணை நான் கரண்டியாலை தோண்டுவன்."

ஞாயிறு வா தம்பி, முழுப் படமும் காட்டுகிறேன் என்றேன். வருவதாகச் சொன்னான்.

13.11.2008, வியாழன்

வழி 1: திரையின் அளவுகளைக் கையால் எழுதி அமைப்புக் கோப்பில் போடுதல். மூன்று தரம் சரிபார்த்தேன். மறுபடி தொடங்கினால் முழுக் கறுப்பு. எழுத்து மட்டும் தெரியும் முனையத்துக்குப் போய்ப் பழைய கோப்பைத் திருப்பி வைத்தேன். பிரதி எடுத்து வைத்தது புத்தி.

வழி 2: வரைவியல் அட்டையின் அமைப்பில், ஓரம் வெட்டுப்படுவதை ஈடுசெய்யும் நகர்த்தியை இழுத்தேன். படம் சுருங்கி உள்ளே வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் கலங்கல், ஈரக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல். அடையாளம் காண உதவாது.

குகன் வேலையால் வந்து பார்த்துவிட்டு, "உந்தக் கம்பியளை வைச்சு விளையாடுறியளே, அப்பா, இஞ்சை என்ரை சீவியம் போகுது" என்று கதிரையை உதைத்தான். கால் ஒன்று முறிந்தது. கதிரையின் கால்.

அடுக்களையில் வசந்தி: "கையிலை என்ன வைச்சிருந்தனீங்கள்? எனக்காவது உண்மையைச் சொல்லுங்கோ."

பதிலுக்கு அறைந்த சத்தம். அபிரா அறைக்குள் பாட்டைக் கூட்டி வைத்தாள்.

14.11.2008, வெள்ளி

வழி 3. இதை முதலில் செய்திருக்க வேண்டும். வெட்டுவது கணினி அல்ல, தொ.கா.; அப்படியென்றால் அங்கேதான் கேட்க வேண்டும். தொ.கா.வின் தூரக்கருவியில் பட வடிவப் பொத்தான். அழுத்த அழுத்த 16:9, 4:3, பெருப்பித்தது, மூல அளவு என்று நான்கும் சுற்றி வரும். மூல அளவில் 1 முதல் 40 வரை எல்லாக் கட்டமும். எழுத்து ஊசிமுனைபோல். கடிகாரம் முழுதாக. ஐந்து நாள் வேலை, ஒரு பொத்தான்.

தேநீர் போட்டுக் குடித்தேன். வீடியோவை நாளை, வீட்டில் ஆள் இல்லாதபோது.

15.11.2008, சனி

பார்த்தேன்.

தேவன் கழுத்தைப் பிடிக்கிறான். குகனின் வலக்கை ஓரம் நோக்கிப் போகிறது. இதுவரை எல்லாரும் கண்டது. முழுப் படத்தில் அந்தக் கை மேசை விளிம்பைப் பிடிக்கிறது, விழாமலிருக்க. வெறுங்கை. அதற்கும் அப்பால், நாற்பதாவது கட்டத்தில், இன்னொரு கை. அதில் பித்தளைச் செம்பு. செம்பைக் கழுத்தில் பிடித்து, அடி விளிம்பால், அதே ஓரத்தில் இருந்த தேவனின் முகத்தில். தண்ணீரும் மாவிலையும் படத்துக்கு வெளியே பறக்கின்றன. கை திரும்பப் போகிறது. மறுபடி வருகிறது.

அந்தக் கையில் மணிக்கூடு உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்கிறது; அப்படிக் கட்டுபவன் எங்கள் ஆட்களில் நான் ஒருவன்தான்.

பதினொரு தரம் ஓட்டினேன். எனக்கு ஞாபகம் இல்லை. செம்பின் பாரம் ஞாபகம். குகனின் நாக்கு வெளியே வந்தது ஞாபகம். நடுவில் ஒன்றும் இல்லை. பொய் சொல்கிறேனா என்று என்னையே கேட்டேன். தெரியவில்லை.

பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். 16:9. என் கை இல்லை. குகனின் கை எங்கோ எதையோ எடுக்கப் போகிறது. இன்னும் மூன்று அழுத்தல், நான் திரும்ப வருகிறேன். போனேன், வந்தேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

வசந்தி படியேறும் சத்தம் கேட்டது. 16:9-இல் விட்டு நிறுத்தினேன்.

16.11.2008, ஞாயிறு

மூடுபனி. தேவன் ரயிலில் வந்தான். ஒற்றைக் கண்ணோடு கார் ஓட்ட விடமாட்டார்களாம். கண்ணில் பஞ்சுக் கட்டு. வசந்தி அண்ணனுக்கு அப்பிள் வெட்டி வைத்தாள். குகன் யன்னலோரம் நின்றான், உட்காரவில்லை. தூரக்கருவி என் மடியில். 16:9. மாற்றவில்லை. அதையும் எழுத வேண்டும்.

"அதிலை நிப்பாட்டுங்கோ, மாமா. இந்தா, கை போகுது. என்னத்தையடா எடுத்தனி?"

"மேசையைப் பிடிச்சனான்."

"மேசையோ! என்ரை கண் மேசையிலையோ இருந்தது?"

"கழுத்தை நெரிச்சனி நீ, நாயே!"

குகன் பாய்ந்தான். தேவன் அப்பிள் கத்தியை எடுத்தான். தட்டு உடைந்தது. வசந்தி நடுவில் விழுந்து கத்தியை அலகோடு பிடித்தாள். இரத்தம் முழங்கை வரை ஓடியது, அவள் விடவில்லை. குகன் தேவனின் கட்டுப் போட்ட கண்ணை நோக்கிக் கையை ஓங்கினான். அபிரா கதவடியில் நின்று அலறினாள்.

அழுத்தினேன். திரையில் முகங்கள் ஒடுங்கின. அழுத்தினேன். பெருத்தன. அழுத்தினேன். முழுப் படம். ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பிடித்துக் கொல்லுப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கோடா!" என்று கத்தினேன். இந்த வீட்டில் நான் கத்தியது இதுவே முதல். ஓடவிட்டேன். கை வந்தது. செம்பு. திரும்பவும்.

குகன் திரையைப் பார்த்தான். பிறகு என் மணிக்கட்டை.

"அப்பா?"

தேவன் எழும்பிக் கிட்ட வந்தான். கத்தி இன்னும் அவன் கையில், தங்கையின் இரத்தத்தோடு. குத்தட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"அது நீங்களோ, மாமா?"

"ஓம்."

"கிழமைக்குக் கிழமை போன் எடுத்துக் கண் எப்பிடித் தம்பி எண்டு கேட்டனீங்களே."

"ஓம்."

கத்தியை மேசையில் வைத்தான். தங்கையின் கையைத் தன் சால்வையால் சுற்றினான். குகன் ஆஸ்பத்திரிக்குக் கார் எடுத்தான். மூவரும் ஒரே காரில் போனார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

புதன், பொலிஸ்: கணினி, கேபிள், இறுவட்டு. தூரக்கருவியும். மூல அளவு என்று அவர்களிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயும் வெட்டுப்படும். குகனுக்கு முதல் நான் உள்ளே போக வேண்டும்.

திங்கட்கிழமை எழுதியவற்றில் 3 பிழை. கை வைத்தேன். இரண்டு முறை.