ஒரு பார்வைக்கு ஐம்பது

நாள் 1 — 06:10

ஒன்பதாம் கம்பக் குடில். வெண்குழிக் குடியிருப்புக்கு வடக்கே 38 கிலோமீட்டர், நிலவு. காவல்: கோ. தமயந்தி, பதினொன்றாம் வகுப்பு.

குடிலின் காற்றழுத்தம் இயல்பு. மின்கலம் 98 விழுக்காடு. கம்பம் நேராக நிற்கிறது.

இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுப்பவருக்கு: வெண்குழி நிலத்துக்கு அடியில் மூன்று சுரங்கங்களில் இருக்கிறது. மக்கள் தொகை 1,904. ஊரின் குரலும் படமும் வெளியே போவதும் உள்ளே வருவதும் இந்தக் கம்பத்தின் வழியாகத்தான். பதினொன்றாம் வகுப்பில் ஒவ்வொருவரும் பன்னிரண்டு நாள் இங்கே தனியாகத் தங்கிக் கம்பத்தைக் காக்க வேண்டும். எனக்கு முன் வந்தவர்கள் ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்று. நான் முழு வாக்கியங்களில் எழுதப் போகிறேன்.

நாள் 1 — 17:30

அழுத்தம் இயல்பு. ஒன்பதாம் நாள் ஊரில் காற்றுத் தலைவர் தேர்தல். காற்றுத் தலைவர்தான் காற்று ஆலையையும் வாயில்களையும் பார்த்துக்கொள்பவர். இரண்டே வேட்பாளர்கள். ஒருவர் என் அம்மா கோமதி, பதினேழு வருடமாக வாயில் பழுது பார்ப்பவர். மற்றவர் அற்புதராஜ், சந்தை நடத்துபவர். என் வகுப்புத் தோழி ஜெசிந்தாவின் சித்தப்பா.

மூன்றாம் சுரங்கத்தின் வெளிவாயிலில் அடைப்பு வளையம் இற்றுவிட்டது. சுரங்கத்தை முப்பது நாள் மூடி அதை மாற்ற வேண்டும் என்கிறார் அம்மா. சந்தையும் மண்டபமும் அங்கேதான் இருக்கின்றன. மூட வேண்டியதில்லை என்கிறார் அற்புதராஜ்.

அம்மாவுக்காக நான் ஒரு படம் எடுத்தேன். ‘மூன்றாம் வாயில்: ஒரு விளக்கம்’. பதினான்கு நிமிடம், ஒன்பது வரைபடங்கள். வளையத்தின் குறுக்குவெட்டை நானே வரைந்தேன்.

நாள் 2 — 11:40

மின்கலம் 97. என் படத்தைப் பார்த்தவர்கள் 61.

ஜெசிந்தா ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். பெயர் ‘டீ பந்து’. பத்தொன்பது விநாடி. அற்புதராஜ் டீ குடிக்கிறார், யாரோ தும்முகிறார்கள், கை தடுமாறுகிறது. கோப்பையிலிருந்து டீ உருண்டையாக எழும்பி மெல்ல இறங்குகிறது. அவர் வாயைத் திறந்தபடி அதன் கீழே நடந்து போய் முழுவதையும் பிடித்துவிடுகிறார். மீசையைத் துடைத்துவிட்டு, ‘காத்தும் நல்லாருக்கு, டீயும் நல்லாருக்கு. எதுக்கு மூடணும்?’ என்கிறார். அவ்வளவுதான்.

குரல் செய்தி, ஜெசிந்தா: “ஏட்டி தமயந்தி, பாத்தியா? சித்தப்பா நாலு கோப்ப டீய சட்டையில கொட்டி அஞ்சாவதுலதான் புடிச்சாரு. ஒன் படத்தயும் பாத்தேன். மூணாவது வரைபடம் வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தேன், சத்தியமா.”

இவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் கட்டுரை எழுதிக் கொடுக்கிறேன்.

நாள் 3 — 09:15

அழுத்தம் இயல்பு. ‘டீ பந்து’வின் குறைகளைப் பட்டியலிட முடிவு செய்தேன். பிறகு உதவும்.

படம் இரண்டு இடங்களில் நடுங்குகிறது. வாயிலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தும்மல் உண்மையானதல்ல, ஜெசிந்தாவின் தும்மல்தான், எனக்குத் தெரியும்.

சரிபார்க்க 41 முறை பார்த்தேன். சிரிக்கவில்லை.

குரல் செய்தி, அம்மா: “சாப்ட்டியாளா? கம்பம் கெடக்கட்டும், மொதல்ல சாப்பிடு. ஜெசிந்தா வீடியோ பாத்தேன். எனக்கு எதிராத்தான் எடுத்திருக்கா, ஆனாலும் சிரிப்ப அடக்க முடியல. அந்தப் பிள்ள கையில என்னமோ இருக்குளா.”

என் படத்தைப் பற்றி அம்மா சொன்னது: ‘எல்லாம் சரியா இருக்கு.’

நாள் 5 — 14:00

மின்கலம் 96. ‘டீ பந்து’: 9,270 பார்வை. என் படம்: 64.

1,904 பேர் உள்ள ஊரில் ஒன்பதாயிரம் பார்வை.

குரல் செய்தி, ஜெசிந்தா: “ஏட்டி, ஊரே ரெண்டுபட்டுக் கெடக்கு. பூமியில பாக்காவளாம். நம்ம ஊர் வீடியோவ பூமியில இதுக்கு முன்ன யாராவது பாத்திருக்காவளா? சந்தையில போர்டே வச்சிட்டாவ, ‘பூமி பார்க்கும் எங்கள் அற்புதராஜ்’னு. ஒங்கம்மாவுக்கு ஓட்டுப் போடுதேன்னு சொன்ன ஆளெல்லாம் சித்தப்பாகூட நின்னு படம் எடுக்குது. நீ ஏன் பேசவே மாட்டேங்க?”

பதில் அனுப்பவில்லை. வேலை இருந்தது. வேலை என்றால், பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எந்த இடத்தில் வெட்டுகிறாள் என்று எண்ணுகிறேன். டீ உச்சியில் நிற்கும்போது ஒரு கணம் ஒலியே இல்லை. அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நான்தான் எல்லாப் புத்தகமும் படித்தேன்.

நாள் 7 — 10:05

அழுத்தம் இயல்பு.

பூமிக்குப் போகும் அலைவரிசையைச் சோதித்தேன். ‘டீ பந்து’ பூமிக்குப் போகவே இல்லை. ஒரு முறைகூட.

பிறகு கம்ப விதி நூலை எடுத்துப் படித்தேன். பக்கம் 112. இப்படி இருக்கிறது: ‘குடியிருப்பின் காற்றுக்கு வெளியே இருப்பவர் ஒரு படத்தைக் கேட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஐம்பது பார்வையாகக் கணக்கிடப்படும்.’ ஊர் தொடங்கிய காலத்து வழக்கம் இது. வெளியே வேலை செய்பவர்கள் பழுது நீக்கும் படங்களை உடையின் கைத்திரையில் பார்ப்பார்களாம். உயிர் போகிற அவசரத்தில் கேட்பார்கள், அதனால் அவர்கள் கேட்பது பட்டியலில் மேலே வர வேண்டும்.

இப்போது குடியிருப்பின் காற்றுக்கு வெளியே இருப்பவர் ஒரே ஆள்.

என் திரையின் பதிவைப் பார்த்தேன். ‘டீ பந்து’வை நான் 312 முறை பார்த்திருக்கிறேன். 312 பெருக்கல் 50, 15,600.

பூமி பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

நாள் 7 — 16:45

ஊர் முழுமைக்கும் ஓர் அறிவிப்பு எழுதினேன். எட்டு வரி. எல்லாம் சரியாக இருக்கிறது.

அனுப்பினால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு. வகுப்பில் எல்லோரும் படிப்பார்கள். ஜெசிந்தா படிப்பாள்.

நாளை அனுப்பலாம்.

நாள் 8 — 18:00

மின்கலம் 95. ஒன்றுமில்லை.

நாள் 9 — 18:00

வாக்குப்பதிவு முடிந்தது. ஒன்றுமில்லை.

நாள் 10 — 08:20

அற்புதராஜ் 662. கோமதி 648.

பதினான்கு.

குரல் செய்தி, அம்மா: “மூஞ்சத் தூக்கி வச்சிக்கிடாத. ஒன் படத்தப் பாத்துட்டு நாலு பேரு வந்து சந்தேகம் கேட்டாவ, தெரியுமா. தலைவரானாத்தான் வாயிலப் பாக்கணும்னு இருக்கா? நாளைக்கு மண்டபத்துல வெற்றி விருந்து. எல்லாரும் அங்கன இருப்பாவ, வாயில் பக்கம் ஆள் இருக்காது. நான் போய்த் தற்காலிகமா ஒரு பட்ட போட்டு இறுக்கிருதேன். வாயில் பக்கத்து அலமாரியில வெளிய போற உடுப்பு ரெண்டு இருக்கு. ஒண்ணுக்குக் கழுத்து வளையம் போயிட்டு, தேர்தல் முடியட்டும்னு மாத்தாமலே வச்சிருக்காவ. எனக்கு ஒண்ணு போதும்.”

அறிவிப்பு இன்னும் என் திரையில் இருக்கிறது. இப்போது அனுப்பினால் அம்மாவுக்கும் தெரிந்துவிடும். அழித்தேன்.

நாள் 11 — 16:20

மண்டபத்திலிருந்து ஜெசிந்தா நேரலை அனுப்புகிறாள். எனக்காகவாம். ஊர் முழுவதும் அங்கே இருக்கிறது. சுவர்த்திரைகளில் ‘டீ பந்து’ ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்கூட வாயைத் திறந்துகொண்டு நடக்கிறார்கள். எல்லோரும் அவளைத் தோளில் தட்டுகிறார்கள்.

மூன்றாம் சுரங்கத்தின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல், இயல்பு.

நாள் 11 — 16:34

அழுத்தம் 99.

குரல் செய்தி, அம்மா: “தமயந்தி, கேக்குதா? பட்ட நிக்க மாட்டேங்கு. வளையம் ஒரு பக்கமா பிரியுது. மண்டபத்துக்கு ரெண்டு தடவ சொல்லிட்டேன், தோத்த கடுப்புல பேசுதேன்னு சிரிக்காவ. ஜெசிந்தா ஒங்கிட்டப் பேசுவால்லா? அவகிட்டச் சொல்லு. எல்லாரையும் ரெண்டாம் சுரங்கத்துக்கு அனுப்பச் சொல்லு. ஓடக் கூடாது, நடக்கணும். நான் அதுவரைக்கும் இதப் புடிச்சுக்கிடுதேன்.”

நாள் 11 — 16:37

நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. இருவரும் பேசியதை அப்படியே எழுதுகிறேன், பதிவாக இருக்கட்டும்.

“ஏட்டி, இன்னைக்குமா? ஒனக்கு வயித்தெரிச்சல்னு எல்லாருக்கும் தெரியும். பூமியே எங்க சித்தப்பாவப் பாக்குது, ஒனக்கு மட்டும் பொறுக்கல.”

“ஆமா, வயித்தெரிச்சல்தான். பூமி பாக்கல ஜெசி. நாந்தான் பாத்தேன். வெளிய இருந்து பாத்தா ஒண்ணுக்கு அம்பது. முந்நூத்திப் பன்னெண்டு தடவ பாத்தேன். தேர்தலுக்கு முன்னமே தெரியும், வெக்கப்பட்டுச் சொல்லல. இதச் சொன்ன வாயால சொல்லுதேன், வாயில் பிரியுது.”

நேரலையில் அவள் கூட்டத்தை விட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

“முந்நூத்திப் பன்னெண்டா?”

“ஆமா.”

“அவ்வளவு நல்லாவா இருக்கு?”

“இருக்கு.”

“சரி. என்ன செய்யணும்?”

நாள் 11 — 16:46

அழுத்தம் 95.

ஒரு புதிய வீடியோ சுவர்த்திரைகளில் வந்தது. ஆறு விநாடி. அற்புதராஜ் காலிக் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார். ஒரு துளி மெல்ல விழுகிறது. ‘இங்க டீ தீந்துட்டு. ரெண்டாம் சுரங்கத்துல பாயசம் விளம்புதாவ. மொதல்ல வாரவனுக்கு ரெண்டு கிண்ணம்.’

ஊர் சிரித்துக்கொண்டே நடந்தது. யாரும் ஓடவில்லை. என் பதினான்கு நிமிடமும் ஒன்பது வரைபடமும் ஒருவரைக்கூட நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை.

குரல் செய்தி, ஜெசிந்தா: “சித்தப்பாகிட்ட விசயத்தச் சொன்னதும் மூஞ்சி வெளுத்துட்டு. ஆனா ஒரே டேக்ல நடிச்சாரு, மனுசன். கடைசி ஆள் ரெண்டாம் சுரங்கக் கதவத் தாண்டியாச்சு. ஒங்கம்மா மட்டும் அங்கன வாயிலப் புடிச்சுட்டு நிக்காவ. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்.”

போகாதே என்று சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை.

நாள் 11 — 16:58

80. அந்தக் கதவு தானாக அடைத்துக்கொண்டது.

41.

6.

0.

நாள் 11 — 17:15

மூன்றாம் சுரங்கத்தின் குரல் இணைப்பு அறுந்துவிட்டது. இரண்டாம் சுரங்கத்தில் ஆட்களை எண்ணினார்கள். என்னைத் தவிர்த்தால் 1,903 இருக்க வேண்டும். 1,901 இருக்கிறது.

குரல் செய்தி, அற்புதராஜ்: “தமயந்தி, சித்தப்பா பேசுதேன். கதவுக்கு இந்தப் பக்கம் காத்து வெளிய போவாம ஒரு அறை கட்டித்தான் தொறக்க முடியும். ரெண்டரை மணி நேரம் ஆவும்ங்காவ. உடுப்புல காத்து எவ்வளவு நேரம் நிக்கும்? ஒங்கம்மா ஒங்கிட்டச் சொல்லிருப்பாவல்லா? சொல்லும்மா.”

மூன்று மணி நேரம். உடை அணிந்திருந்தால்.

நாள் 11 — 17:31

ஆறு விநாடி வீடியோவின் பார்வை 1,142 என்று நின்றிருந்தது. ஊரில் யாரும் இப்போது வீடியோ பார்க்கவில்லை.

1,192 ஆனது.

நான் தொடவில்லை. கைகளை மடியில் வைத்திருந்தேன்.

பக்கம் 112. குடியிருப்பின் காற்றுக்கு வெளியே. மூன்றாம் சுரங்கம் இப்போது வெளி. உடையின் கைத்திரை தனி அலையில் வேலை செய்யும், குரல் இல்லாவிட்டாலும். தொட்டால் கடைசியாக வந்த படம் ஓடும்.

அங்கே உயிர் இருக்கிறது என்று அற்புதராஜுக்குச் சொல்லிவிட்டேன். அவர் அழுதார். வேலையை விரைவுபடுத்துகிறார்கள்.

நாள் 11 — 17:40

அவர்கள் திரையிலும் எண் தெரியும். நான் ஒரு முறை பார்த்தேன். 1,242.

காத்திருந்தேன்.

1,292. கேட்டுவிட்டது.

நாள் 11 — 18:05

நான் ஒன்று. அவர்கள் ஒன்று. நான் ஒன்று. அவர்கள் ஒன்று.

இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தால் நூறு கூட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐம்பதுதான் கூடுகிறது.

இரண்டு உடைகள். ஒன்றின் கழுத்து வளையம் பழுது. அம்மா அதைத் துணி சுற்றி இறுக்கியிருக்கலாம். அம்மாவால் முடியும். அப்போது இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஒரே கைத்திரையைப் பார்க்கிறார்கள். ஜெசிந்தா ஏதாவது சொல்லுவாள், குரல் கேட்காவிட்டாலும் அம்மா சிரிப்பார். என்னோடு சேர்ந்து அம்மா எதையும் இப்படிப் பார்த்ததில்லை.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். அங்கே இரண்டு பேர் இருக்கட்டும்.

நாள் 11 — 18:50

நான் பார்த்தேன். பதில் வர ஏழு நிமிடம்.

நாள் 11 — 19:10

பார்த்தேன். பதில் இல்லை.

நாள் 11 — 19:14

பார்த்தேன். என் ஐம்பது மட்டும்.

நாள் 11 — 19:20

இருபத்தைந்து நிமிட வேலை மீதம் என்கிறார்கள். குடிலின் அழுத்தம் பார்க்கவில்லை. மின்கலம் பார்க்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

நாள் 11 — 19:3

கோப்பையைக் கவிழ்க்கிறார். துளி விழுவதற்கு முன்னால் ஒரு கணம் ஒலி இல்லை. நல்லாருக்கு ஜெசி. நல்லாருக்கு

மறுபடி