சோடி மாறிய செருப்பு

ஜூலை 19

இன்று வாழைத்தார் ஏலத்தில் நான் கூறின கூறலுக்கு, ஆற்றுக்கு அக்கரையில் மேய்ந்த எருமையே விலை கேட்டுத் தலையைத் தூக்கிற்று. நாகர்கோவில் வியாபாரி ஒருவர், "செல்வமணி அண்ணாச்சி, ஒம்ம வாயைத் தனியா ஏலம் விடும், நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன பட்டம் வேண்டும்?

ஆடி அமாவாசைக்கு எர்ணாகுளம் போகிறேன் என்று டீக்கடையில் சொல்லி வைத்தேன். அங்கே வியாபாரிகள் எனக்கு மாலை போடுகிறார்கள், யானைமேல் ஊர்வலமும் உண்டு. யானையைச் சேர்த்திருக்க வேண்டாமோ? இருக்கட்டும், நன்றாகத்தான் இருந்தது.

போகப்போவது காரையாறு காட்டுக்குள், சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு. அம்பலவாணனும் நானும். வீட்டில் அவன் வண்ணார்பேட்டையில் கூட்டம் என்று சொல்லியிருக்கிறான். போன வருஷம் பாலத்தடியில் எங்களைப் பார்த்துவிட்டு அவன் மச்சான்மார் அரிவாளைத் தூக்கினதிலிருந்து ஊருக்குள் நாங்கள் முகம் பார்த்துக்கொள்வதே இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு பிரியம். அதற்கு ஊரில் நல்ல பேர் ஒன்றும் கிடையாது.

ஜூலை 25

நேற்று அமாவாசை. ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல், எப்போதும்போல எல்லாரையும் விட்டுத் தள்ளித்தான் குடில் போட்டோம். செருப்பையே நேர்த்திக்கடனாக வாங்குகிற சாமி பட்டவராயன்; அவர் சந்நிதியில் புதுச் செருப்பு ஒரு சோடி வாங்கிக் கட்டினோம். என்ன வேண்டிக்கொண்டோம் என்பதை இங்கேயும் எழுத மாட்டேன்.

காலையில் முதல் பஸ்ஸில் வந்தவர் சேதி சொன்னார். ராத்திரி அணைக்கட்டுப் பக்கம் கம்பெனி ஜீப்பை யாரோ எரித்துவிட்டார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு எடுக்கிற கம்பெனி. அதற்கு எதிராக ஆள் சேர்க்கிறவன் அம்பலவாணன்.

"என்னையத்தாம்வே தேடுவானுவ" என்று எழுந்தான். இருட்டுக் குடிலில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினோம். பாபநாசத்தில் இறங்கும்போதுதான் பார்த்தேன். என் காலில் ஒன்று அவன் செருப்பு, கட்டைவிரல் வார் தைத்தது. மற்றது என்னுடையது. அவன் காலிலும் அதே மாதிரி. சிரித்தான்.

"மாத்த நேரமில்லவே. கெடக்கட்டும்."

வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

ஜூலை 27

பிடித்துவிட்டார்கள்.

ஜூலை 29

போராட்டத்தில் மைக் பிடித்தவர்களையெல்லாம் வீடு வீடாகத் தூக்குகிறார்கள். அம்பலவாணன்மேல் குண்டாஸ் போடப் போகிறார்களாம். ஜாமீன் இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே.

அவன் மனைவி சுடலைவடிவு மண்டிக்கே வந்தாள். மச்சான்மார் முறைத்துக்கொண்டு எதிரில் நிற்க, என்னிடம் வந்து, "அண்ணே, வண்ணார்பேட்டையில கூட்டமே நடக்கலையாம். அன்னைக்கு எங்கன இருந்தேன்னு கேட்டா அவிய வாயைத் தொறக்க மாட்டுக்காவ. போலீஸ்காரங்க அடிக்காவளாம். ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?" என்றாள்.

நான் எர்ணாகுளத்தில் யானைமேல் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே. சொல்லிவிட்டேனே பாவி.

ஜூலை 30

சொன்னால் மச்சான்மார் எங்கள் இரண்டு பேரையும் வெட்டுவார்கள். சொல்லாவிட்டால் அவன் உள்ளேயே கிடந்து சாவான். எதை எடுக்க? வெட்டாவது ஒரே நாளில் முடியும்.

ஜூலை 31

ஸ்டேஷனுக்குப் போனேன். கட்டிலடியில் கிடந்த செருப்புகளையும் பையில் எடுத்துப் போனேன். ஒரே குடிலில் இருந்தோம் என்றேன். எப்படி இருந்தோம் என்பதையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு வார்த்தை கூட்டாமல் பேசினது இன்றைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்துவிட்டு, "யானை என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றார். ஸ்டேஷனே சிரித்தது.

செருப்பைக் காட்டினேன். "மத்த சோடி அவன் கால்ல கெடக்கும், பாருங்க" என்றேன். பார்க்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் திரும்பி, "ஏலே, இவரு சொல்லுதது நெசமா?" என்று கேட்டார்.

அம்பலவாணன் முகம் வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

"ஊருக்கே தெரியும் சார். வாயைத் தொறந்தா பொய்யி. இவருகூடப் போயி நான் எதுக்கு இருக்கேன்?"

கூட்டிக்கொண்டு வந்து வெளியே விட்டார்கள். என்னைக் காப்பாற்றிவிட்டான். யாருடா உன்னைக் கேட்டா? நான் கேட்டனா? ஏன்டா இப்படிப் பண்ணுன?

ஆகஸ்ட் 6

குண்டாஸ் போட்டாயிற்று. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏலத்தில் இன்று என் குரல் வாசலைத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 11

சுடலைவடிவு வந்தாள். ஒரு பையைத் தரையில் கவிழ்த்தாள்.

"அவிய சாமானையெல்லாம் திருப்பித் தந்தாவ. இதுல ஒண்ணு அவிய செருப்பு இல்ல. நான் தச்ச வாரைக் காணலை" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஒன்று என்னுடையது.

"நீங்க ஸ்டேஷனுக்குச் செருப்பு கொண்டுபோனதை ஒரு போலீஸ்காரரு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. ஒங்ககிட்ட கெடக்குததை எடுங்க அண்ணே."

எடுத்துக் கொடுத்தேன். குத்தவைத்து உட்கார்ந்து சோடி சேர்த்தாள். என்னுடையதை என் பக்கம் தள்ளினாள். அவனுடையதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை, நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணமாருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்" என்று எழுந்தாள். வாசலில் நின்று, "புதங்கிழமை பாக்க விடுவாவ. சொந்தக்காரங்களை மட்டுந்தான். நீங்க வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 13

ஜெயில் வாசலில் காவலர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். சுடலைவடிவு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எங்க பெரியப்பா மவன். நான் பொறந்ததுல இருந்து இவருதான் தூக்கி வளத்தாரு" என்றாள். உடனே நம்பினார். நான்கூட ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்து நின்றான். குனிந்து என் காலைப் பார்த்தான்.

"சோடி சேந்துட்டுதாவே?"

என்னென்னவோ சொல்ல இருந்தது. பக்கத்தில் அவள் நின்றாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.