ஒரே ஒரு நாளைக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முழங்கால் தேவலை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், படியைக் கட்டினதே நான்தான் என்கிற மாதிரி.

குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாய். சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் பேனா மாமா என்னை ஏமாற்றிவிட்டார். ஆமாம், பரீட்சைக்குப் பரீட்சை உனக்குப் பேனா வாங்கித் தந்தாரே, எங்கள் தலைமைக் கணக்கு அதிகாரி, அவரேதான். எங்கள் நகராட்சியில் ஒரு பழக்கம், உன்னிடம்கூடச் சொன்னதில்லை. பெரிய கட்டடக்காரர்கள் வரி கட்டுவதில்லை, தெருவிளக்குச் செலவோ குறைவதில்லை, வருஷா வருஷம் துண்டு விழும். நிதியாண்டின் கடைசி நாள் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து எடுத்துப் பொதுக் கணக்கில் போடுவோம், உபரி என்று அறிக்கை போகும், மறுநாள் காலையில் திருப்பிவிடுவோம். எடுக்க ஒரு தாள், திருப்ப ஒரு தாள், இரண்டிலும் அவரும் நானும் அன்றே கையெழுத்துப் போட்டு, திருப்புகிற தாளை என் இழுப்பறையில் பூட்டி வைப்பேன். அது என்னிடம் இருக்கிறவரை தப்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், பதினொரு வருஷம்.

இந்த முறை அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. நீங்க லீவு போடுங்க, தாளை என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன் என்றார் உன் பேனா மாமா. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு அந்த மனுஷனைப் புகழ்ந்து தள்ளினேன். மறுநாள் கேட்டதற்கு, போட்டாச்சு என்றார், நான் வங்கிக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணம் திரும்பவே இல்லையடி, ஒப்பந்தக்காரர்களின் பழைய பாக்கிக்குப் போய்விட்டது. சிறந்த நிதி நிர்வாகம் என்று நகராட்சிக்குக் கேடயம் வந்தது, அவருக்குத் தலைநகருக்குப் பதவி உயர்வு வந்தது. பத்துத் தடவை கூப்பிட்டதில் ஒரு தடவை எடுத்தார். எல்லாத் தாள்லயும் உங்க கையெழுத்தும் இருக்கே என்று பக்குவமாகச் சொன்னார்.

உன் தாய்மாமன் போன மாதம் ஓய்வு பெற்றான். முப்பத்திரண்டு வருஷம் நகராட்சித் தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டியவன். ஓய்வுப் பணம் வரவில்லை என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் சத்தம் போட்டபோது, எங்க அக்கா கணக்குல இருக்கா, ஒரு பைசா எங்கயும் போகாது என்று இவன்தான் அடக்கி அனுப்பினானாம். நேற்று ஓய்வுப் பணம் கேட்கிற விண்ணப்பத்தோடு வந்தான், நீயே எழுதிக் குடுக்கா என்றான். எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுடா என்றேன். நீ எழுதினதை எதுக்கு வாசிக்கணும் என்று சிரித்துக்கொண்டே போட்டான்.

இன்று காலை பதினொரு வருஷ நகல்களோடு நடந்ததையெல்லாம் எழுதித் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். என் வேலை போகலாம், போகட்டும். பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போகிறேன், என் வாயால்தான் அவனுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று பேரும் நன்றாக இருங்கள், சின்னவளுக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. இது உன் கைக்கு வருகிறபோது அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கலாம். நீ அவனுக்குப் போன் செய்வதை நிறுத்திவிடாதே. என்னைத் திட்டினால், எனக்காகப் பரிந்து பேசாமல் கேட்டுக்கொள்.

உன்
அம்மா